ஓர் இரவின் வாடகை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்தைச் செய்து பார்த்துவிட்டேன். என் தங்கையின் கல்யாணம் அது. அதற்கு வாங்கிய கடனும் ஒருவாறு தீர்ந்துவிட்டது. வீட்டைக் கட்டிப் பார்க்கும் காரியந்தான் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. கட்டுவதிலுள்ள சிரமத்தைப் பற்றி முன்னோர் எச்சரித்தார்களேயன்றி, கட்டுவதற்கு மண்ணே கிடைக்காத காலம் ஒன்று வரும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் அப்படியொரு காலம் வந்திருக்கிறது. அதை நம் சங்கத்து அன்பர்களிடம் சொல்லிக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் சொந்த ஊர் வண்டிப்பெரியார். கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச் சாலையில், பெரியாற்றின் கரையில் இருக்கும் சிறு நகரம். நாற்புறமும் தேயிலைத் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இம்மலைகளில் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டபோது, காடு திருத்தவும் கொழுந்து எடுக்கவும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் நம்மவர் மலையேறி வந்தனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பீர்மேடு, தேவிகுளம் வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டுமென்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அவை கேரளத்தில் நின்றன. எங்கள் குடும்பமும் அங்கேயே நின்றுவிட்டது. ரயிலே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் பிறந்த நான், ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாப் பரீட்சை எழுதிப் பாலக்காட்டில் குமாஸ்தாவாக இருப்பதை என் தந்தையார் இன்றும் ஒரு வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். லயம் என்றால் என்னவென்று நம் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு திண்ணை. தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளருக்கு வீடு தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டமே. ஆனால் அந்த வீடு வேலைக்குரிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

தந்தையார் 2019ஆம் ஆண்டிலும் அன்னையார் 2023ஆம் ஆண்டிலும் 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றனர். தந்தையார் 36 ஆண்டும் அன்னையார் 31 ஆண்டும் உழைத்தவர்கள். பணிக்கொடை என்பது ஆண்டொன்றுக்குப் 15 நாள் கூலி. கணக்குப் பார்த்தால் ஒருவருக்கு 540 நாள், மற்றவருக்கு 465 நாள். ஆக 1005 நாள் கூலி. இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் வந்தது. எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் பெயர் பதியவில்லையாதலின், அன்னையாரின் ஓய்வோடு லயத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சாவியை ஒப்படைத்த பின்னரே அவருடைய பணமும் கைக்கு வந்தது.

அந்தப் பணத்தைக் கொண்டு ஊரிலேயே மூன்று சென்ட் நிலம் வாங்கிச் சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்பதே பெற்றோரின் வாழ்நாள் ஆசை. ஒரு சென்ட் என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு. மூன்று சென்ட் இருந்தால் இரண்டு அறையும், முன்னால் நான்கு செடி வைக்க இடமும் ஆகும். இதற்கு மேல் அவர்கள் எதையும் விரும்பினாரில்லை.

2014ஆம் ஆண்டில் தந்தையாரின் சிநேகிதர் ஒருவர், சாலைக்கு அருகில் இருந்த தம் நான்கு சென்ட் நிலத்தைச் சென்ட் அறுபதாயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். அப்போது தங்கையின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கல்யாணம் முடியட்டும், மண் எங்கே ஓடிவிடப் போகிறது" என்றார் தந்தையார். நானும் ஆமென்றேன். மண் ஓடவில்லை, அதன் விலை ஓடிவிட்டது. 2023ஆம் ஆண்டில் நாங்கள் தேடிச் சென்றபோது, அதே பகுதியில் சென்ட் மூன்று லட்சம் என்றார் தரகர். இருவரும் சேர்ந்து அறுபத்தேழு ஆண்டு உழைத்து ஈட்டிய பணிக்கொடை முழுவதையும் கொடுத்தாலும் ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். "ஒன்றேகால் சென்ட்டில் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது" என்று தந்தையார் சிரித்தார். அன்னையார் சிரிக்கவில்லை.

விலை ஏன் இவ்வாறு ஏறியது? தேயிலையினால் ஏறவில்லை என்பது உறுதி. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு வட்டத்தில் சில தோட்டங்கள் பூட்டப்பட்டதை நாம் அறிவோம். தொழிலாளியின் கூலியும் நிலத்தின் விலையோடு ஓடக்கூடிய அளவுக்கு உயர்ந்ததில்லை. ஏற்றத்துக்குப் பெருங்காரணம் உல்லாசப் பிரயாணிகள்.

தேக்கடி எங்களுக்கு அடுத்த ஊர் போன்றது. 1895ஆம் ஆண்டில் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையினால் உண்டான ஏரியும், 1978 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் காடும் அங்கே உள்ளன. முன்னெல்லாம் பிரயாணிகள் தேக்கடியைப் பார்த்துக் குமுளியில் தங்கித் திரும்புவர். வண்டிப்பெரியாரில் தேநீர் பருகுவதோடு சரி. பின்னர் நிலைமை மாறியது. 2012ஆம் ஆண்டில் 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் வந்ததும், எங்கள் ஊர் வழியாகச் செல்லும் கவி என்னும் காட்டூரின் பெயர் எங்கும் பரவிற்று. எங்கள் வட்டத்திலேயே உள்ள வாகமண்ணில் 2023 செப்டம்பரில் 40 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். பருந்தும்பாறையைக் காணவும், சத்திரம் மேட்டுக்கு ஜீப்பில் செல்லவும் கூட்டம் வருகிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வேறு. வருவோர் எல்லோருக்கும் இரவு தங்க இடம் வேண்டுமன்றோ?

கவியைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே ஏலத் தோட்டத்தில் வேலை செய்வோரில் பலர், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பத்தினர். இலங்கையில் லயத்தில் இருந்தவர்கள். இங்கு வந்தும் வேலைக்குரிய வீட்டிலேயே குடியேறினர். அவர்கள் வாழும் ஊரைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் பணம் செலவழித்து வருகிறார்கள்.

வாடகை ஏறும் விதத்தை நான் கணக்காகவே கண்டேன். எங்கள் ஊரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகையில் குடியிருந்த மாடி வீடு ஒன்று உண்டு. வீட்டுக்காரர் அதைக் காலி செய்வித்து, வெள்ளையடித்து, குளியலறையில் வெந்நீர்ப் பெட்டி பொருத்தி, 'ஹோம்ஸ்டே' என்று பலகை மாட்டினார். ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஆசிரியர் ஒரு மாதம் கொடுத்ததை, ஓர் அறை இரண்டே இரவில் ஈட்டிவிடுகிறது. மழைக் காலத்தில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தாலும் வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பின் எந்த வீட்டுக்காரர் மாத வாடகைக்கு விடுவார்? வாடகை இவ்வாறு ஏறினால், அந்த வீடு நிற்கும் மண்ணின் விலையும் அதற்குத் தக ஏறுகிறது. ஒரு சென்ட் நிலத்தைக் கொழுந்து எடுப்பவரின் கூலியைக் கொண்டு யாரும் மதிப்பதில்லை; பிரயாணி தரக்கூடிய இரவு வாடகையைக் கொண்டே மதிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தந்தையாரின் பழைய சிநேகிதர் ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தந்தையார் போயே தீர வேண்டும் என்றார். பாலக்காட்டிலிருந்து அவரை அழைத்துச் சென்றேன். துக்க வீட்டு லயம் உறவினரால் நிரம்பியிருந்தது. தந்தையாருக்கு மூச்சிரைப்பு உண்டாதலால், பனியில் திண்ணையில் படுக்க வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே கைப்பேசியில் தேடி ஓர் அறையை ஏற்பாடு செய்தேன். போய்ப் பார்த்தால், அது அந்த ஆசிரியர் குடியிருந்த வீடு!

அங்கே பதிவேட்டை நீட்டிய இளைஞன் எங்கள் லயத்துப் பையன். தந்தையாரைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க பெரியப்பா" என்றான். பதிவேட்டில் 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. பையன் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். "என்ன யோசிக்கிறாய்? இங்கேயிருந்துதான் என்று எழுது" என்றார் தந்தையார். அவன் என்னைப் பார்த்தான். நான் பாலக்காடு என்று எழுதச் சொன்னேன்.

இரவு விளக்கணைத்த பிறகு தந்தையார், "இந்த அறைக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்று வினவினார். குறைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "உன் அம்மாவின் நான்கு நாள் கூலி" என்றார். அவ்வளவுதான். இருவரும் வெகு நேரம் உறங்கவில்லை. சன்னலுக்கு வெளியே எங்கள் தோட்டத்துத் தேயிலை நிலவில் தெரிந்தது. அதைக் காட்டித்தான் அந்த அறைக்கு விளம்பரம் செய்திருந்தார்கள்.

உல்லாசப் பிரயாணிகள் மீது எனக்குப் பகையில்லை. மறுநாள் காலை அந்தப் பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் கிடைக்கக்கூடியதைவிட அங்கே அவனுக்கு வருமானம் அதிகம். அவன் அண்ணன் ஜீப் ஓட்டுகிறான். ஏலக்காய், மிளகு விற்கும் கடைகளிலும் சமையற்கூடங்களிலும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். தோட்டம் பூட்டப்பட்ட காலத்தில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது இந்தத் தொழில்தான். அதை நிறுத்த வேண்டும் என்று சொல்பவன் அந்தக் குடும்பங்களை அறியாதவன். எனினும் அந்தப் பையன் இரவு உறங்கப் போவது பெற்றோரின் லயத்துக்கே. அவர்கள் ஓய்வு பெற்றால் அவன் எங்கே போவான்? "அதைத்தான் அண்ணே நானும் யோசிக்கிறேன்" என்றான்.

இது எங்கள் மலைக்கு மட்டும் உற்ற துன்பம் அன்று. ஸ்பெயின் தேசத்தில் பார்சிலோனா என்ற பெருநகரம் இருக்கிறது. பத்தாண்டில் வீட்டு வாடகை நூற்றுக்கு 68 பங்கு ஏறிவிட்டதைச் சுட்டிக்காட்டி, பிரயாணிகளுக்கு விடப்படும் ஏறத்தாழப் பதினாயிரம் வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பின் நீட்டிக்கப் போவதில்லை என்று அந்நகரத்து மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். அவ்வளவு செல்வம் படைத்த நகரமே தன் குடிமக்களுக்கு வீடில்லை என்று கவலைப்படும்போது, தினக் கூலிக்காரர் வாழும் எங்கள் ஊரில் அந்தக் கவலை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்!

அரசினர் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய 'லைஃப்' வீட்டுத் திட்டத்தில் கேரள அரசு வீடு கட்ட நான்கு லட்சம் ரூபாய் வழங்கி வருகிறது. பல லட்சம் குடும்பங்கள் அதனால் வீடு பெற்றிருக்கின்றன. ஆனால் எங்களைப் போன்றோருக்கு முதற்படியே சறுக்குகிறது. கட்டப் பணம் கிடைக்கும் என்றாலும் கட்டுவதற்கு நிலம் வேண்டும். நிலத்தின் விலையோ பிரயாணியின் கையில் இருக்கிறது.

இங்கு ஒரு சிறு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்ற தோட்டங்களில், நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்படாத நிலத்தைப் பிற பயிர், பால் பண்ணை, சுற்றுலா முதலிய காரியங்களுக்கு நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று 2012ஆம் ஆண்டில் கேரளச் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்து பங்கு வேண்டாம்; ஒரே ஒரு பங்கை ஓய்வு பெறும் தொழிலாளரின் வீட்டு மனைக்கென ஒதுக்கினால் என்ன? ஆயிரம் ஏக்கர் தோட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு பத்து ஏக்கர்; அதாவது ஆயிரம் சென்ட். குடும்பத்துக்கு மூன்று சென்ட் வீதம் 333 குடும்பங்களுக்கு மனை ஆயிற்று. பாதைக்கும் கிணற்றுக்கும் இடம் விட்டாலும் இருநூற்றைம்பது குடும்பங்களுக்குக் குறையாது. மலையின் பசுமையைக் காட்டி விடுதி நடத்த நிலம் உண்டென்றால், அந்தப் பசுமையை வளர்த்தவர்களுக்கு மூன்று சென்ட் இல்லையா?

மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு மூணாற்றுப் பக்கமே சாட்சி. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த நம்மவர் எழுபது பேரைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னர், உயிர் தப்பியோருக்கென்று குற்றியார் பள்ளத்தாக்கில் எட்டு வீடுகள் எழும்பின. நிலமும் கிடைத்தது, வீடும் கிடைத்தது. அதற்கு எழுபது உயிர் போக வேண்டியிருந்ததே என்பதுதான் துயரம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். லயத்தை விட்ட நாள்முதல் பெற்றோர் என்னோடு பாலக்காட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். இரண்டு அறை, ஆறு பேர். அன்னையாருக்கு இங்கே கூப்பிட்டுப் பேச ஆளில்லை. வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றியும், என் குவார்ட்டர்ஸும் வேலைக்குரிய வீடுதான். நான் ஓய்வு பெறும் நாளில் அதன் சாவியை ஒப்படைக்க வேண்டும். பாட்டனார், தந்தையார், நான் என்று மூன்று தலைமுறையாகச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதே எங்கள் வழக்கமாகிவிட்டது. என் மகன் காலத்திலாவது இது மாற வேண்டும்.

ஆகையால் இவ்வாண்டு தை மாதம் மீண்டும் தேடினேன். சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஜீப்பும் ஏறாத மேட்டில், மூன்று சென்ட் நிலம் சென்ட் எழுபதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. முன்பணம் கொடுத்திருக்கிறேன். வண்டி போகாத இடமாதலால் பிரயாணிகள் அதை விரும்புவதில்லை. எங்களுக்குக் கிடைத்ததற்கு அதுவே காரணம். சரிவு நிலம் என்றதும் அன்னையார் பெட்டிமுடியை நினைத்து அஞ்சினார். பஞ்சாயத்துப் பொறியாளரை அழைத்துக் காட்டி, தடுப்புச் சுவர் கட்டினால் போதும் என்று அவர் சொன்ன பின்னரே சம்மதித்தார். பத்திரம் பதிந்தவுடன் 'லைஃப்' திட்டத்துக்கு மனுச் செய்ய எண்ணியிருக்கிறோம்.

இதிலிருந்து நான் கற்றதை அன்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரை உடைய இளைஞர்கள், அவர்கள் ஓய்வு பெறும்வரை காத்திராமல், முதற்சம்பளம் வாங்கும்போதே மனைக்கென்று ஒரு சீட்டுப் போடுங்கள். நகையும் வண்டியும் பின்னர் வாங்கலாம். இடுக்கியில் நிலம் வாங்குவோர் பட்டயத்தையும் வரி கட்டிய ரசீதையும் கிராம அலுவலகத்தில் சரி பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள். நம் சங்கத்தாரிலேயே சிலர் மலையில் வீடு வாங்கிப் பிரயாணிகளுக்கு விட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எல்லோருக்கும் குடும்பம் உண்டு. ஆயினும் அந்த வீட்டில் ஒரு பகுதியையாவது மாத வாடகைக்கு, ஓய்வு பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி குடும்பத்துக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன். தோட்ட நிலத்தில் நூற்றில் ஒரு பங்கு வீட்டு மனைக்கு என்ற கோரிக்கையைச் சங்கத்தின் பெயரால் அரசினருக்கு அனுப்பலாமா என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசிக்கலாம்.

போன வாரம் மனையைப் பார்க்கத் தந்தையாரை மறுபடியும் அழைத்துச் சென்றேன். மூன்று இடத்தில் நின்று இளைப்பாறித்தான் ஏறினார். மேலே போனதும் அடுக்களை எங்கே, வாசல் எங்கே என்று கோலால் கோடிழுத்தார். அப்போது பக்கத்து நிலத்துக்காரர் வந்து, பஞ்சாயத்தில் இந்த மேட்டுக்குச் சாலை போடப் பேச்சு நடக்கிறது என்று நல்ல செய்தியாகச் சொன்னார். தந்தையாரின் மூச்சிரைப்புக்குச் சாலை வந்தால் எவ்வளவோ உதவி. ஆனால் அவர் கோலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்து, "சாலை வருமுன் பத்திரத்தைப் பதிந்துவிடு, தம்பி" என்றார்.

வரும் திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன்.